சைக்கிள் சீட்டும் பால்குடமும்

4/1, ஞாயிறு

காலையிலேயே வெயில். பினாங்கில் ஜனவரி இப்படித்தான், மழை எங்கோ லீவில். பாடாங் கோத்தா கடற்கரை வரை சைக்கிளில் போய் வந்தேன். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது பாதி தூரம் நின்றுகொண்டே மிதித்தேன். உட்கார்ந்தால் உயிர் போகிறது. சிவப்பு விளக்கில் பக்கத்து மோட்டார் சைக்கிள்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பார்க்கட்டும்.

வலிக்கும் இடங்கள் (எழுத வெட்கம், ஆனால் யார் படிக்கப் போகிறார்கள்): உட்காரும் எலும்பு இரண்டும். முன்பக்கம் மரத்துப் போகிறது. வலது தொடையின் உள்பக்கம் உராய்ந்து சிவந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் போட்டேன்.

சைக்கிள் மகனுடையது. ஜோகூருக்கு வேலைக்குப் போனவன் அதைப் பால்கனியில் விட்டுப் போனான். சீட்டு கத்தி மாதிரி. அவன் ஒட்டிய இடுப்புக்குச் செய்தது. எனக்கு ஐம்பத்தொன்று வயது, இடுப்பைப் பற்றிப் பேச வேண்டாம்.

எதற்கு இந்தக் கூத்து என்பதையும் எழுதி வைக்கிறேன். தம்பி குணாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். (முழுதாக எழுதக் கை வரவில்லை. இனி டயா.) என்னுடையதில் ஒன்று அவனுக்குப் பொருந்தும் என்று சொல்லிவிட்டார்கள். ரத்தம் சரி, சர்க்கரை சரி, இதயம் சரி. எடை மட்டும் சரியில்லை. "குறைச்சிட்டு வாங்க மேடம், அப்பறம் பேசலாம்" என்றார் டாக்டரம்மா. 29-ஆம் தேதி மறுபடி நிறுப்பார்கள். இன்னும் நாலு கிலோ இறங்க வேண்டும். முட்டி தேய்ந்துவிட்டதால் வேகமாக நடக்கக்கூடாது. நீச்சல் தெரியாது. மிச்சம் இருப்பது சைக்கிள்தான். ஆக, தம்பியின் உயிர் இப்போது என் பின்புறத்தில் வந்து நிற்கிறது. முருகா.

மதியம் தயிர்சாதம், கொஞ்சம். மாலை பாசார் (சந்தை) பக்கம் போகவில்லை. லக்சா நூடுல்ஸ் வாசனைக்கே ஒரு கிலோ ஏறும்.

6/1, செவ்வாய்

ஆபீசில் நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்தேன். மேனேஜர் "பைல்ஸா?" என்று அக்கறையாக, எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தார். இல்லை என்றால் விளக்க வேண்டும். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குள் மாடி வரை பரவிவிடும்.

மாலை ஆயர் ஈத்தாம் பாசாருக்குப் பின்னால் இருக்கும் சைக்கிள் கடை. சீனக்கிழவர் கையில் கிரீஸ், வாயில் டூத்பிக். எப்படி ஓட்டுவாய் என்று மலாயில் கேட்டார். காலால் என்றேன். சிரிக்கவில்லை. குனிந்தா, நிமிர்ந்தா என்றார். குனிந்து வேகமாக ஓட்டினால் ஒல்லி சீட்டாம். எடையில் பாதி கைக்குப் போய்விடுமாம். பாசாருக்குப் போகிற ஆன்ட்டி மாதிரி நிமிர்ந்து ஓட்டினால் முழு எடையும் சீட்டில். அதற்கு அகலச் சீட்டு.

நான் எப்படி ஓட்டுகிறேன்? எனக்கே தெரியவில்லை. இத்தனை வயதில் இதை யாரும் என்னைக் கேட்டதில்லை. பாசார் ஆன்ட்டிதான் என்று சொல்லிவிட்டேன். ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டை மாட்டிக் கொடுத்தார். பார்க்க சோபா மாதிரி. கட்டைவிரலால் அமுக்கினால் உள்ளே போகிறது. அப்பாடா.

7/1, புதன்

சோபா சோபாதான். முதல் பத்து நிமிடம் சொர்க்கம். அப்புறம் இரண்டு தொடையும் சீட்டின் ஓரத்தில் மாறி மாறி உரசி, சட்டினி. மெத்தை அமுங்க அமுங்க எலும்பு அடியில் போய் இடிக்கிறது. மிதிக்கும்போது உடம்பு மேலே கீழே குதிக்கிறது, குதிரை ஓட்டுகிறவள் போல. சுங்கை பினாங்குப் பாலத்திலேயே திரும்பிவிட்டேன்.

இவர் (என் வீட்டுக்காரர். பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன்) வேலை முடிந்து வந்து சோபாவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சிறுநீரக விஷயம் முழுக்கவே ஒன்றும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக்கு வருவார், வெளியே பெஞ்சில் உட்காருவார், காப்பி வாங்கித் தருவார். "சரி" என்றும் சொன்னதில்லை, "வேண்டாம்" என்றும் சொன்னதில்லை. சண்டை போட்டால்கூடத் தேவலை.

10/1, சனி

இவர் மோட்டாரில் பாலம் தாண்டி சிம்பாங் அம்பாட், தம்பி வீடு. மோட்டார் சீட்டே இன்று சுகமாக இருந்தது, யோசித்துப் பாருங்கள்.

குணா டயா முடிந்து வந்து படுத்திருந்தான். முகம் சாம்பல் நிறம். உதடு வெடிப்பு. ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அவன் மனைவி கலா ஒரு போத்தலில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். ஐஸ்கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு என் சீட்டுக் கதையைக் கேட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாகிறது. இன்னும் நாலு சீட்டு மாற்றலாம் போலிருந்தது.

கலா சிரிக்கவில்லை. அவளுக்கு எதையும் போனில் தேடிப் பார்க்க வேண்டும். பிஸ்கட் பெட்டியின் அட்டையைக் கிழித்து அடுப்படிப் படியில் போட்டாள். "உக்காருங்க அக்கா."

"எதுக்குலா?"

"எலும்பு அளவு. காலைத் தூக்குங்க. நல்லா அமுக்கி உக்காருங்க."

உட்கார்ந்தேன். எழுந்தேன். அட்டையில் இரண்டு பள்ளம். கலா ஸ்கேல் வைத்து ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து மறு பள்ளத்தின் நடு வரை அளந்தாள். சீட்டு வாங்க வேண்டியது இந்த எலும்புக்குத்தானாம், மேலே இருக்கும் சதைக்கு இல்லையாம். மெத்தென்று இருப்பதெல்லாம் ஏமாற்று வேலையாம். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்தாரோ என்னவோ.

பிறகு வாசலில் சைக்கிள் ஓட்டிக் காட்டச் சொன்னாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிளில். "அக்கா, நீங்க நிமிந்தும் ஓட்டல, குனிஞ்சும் ஓட்டல. நடுவுல நிக்கிறீங்க." வாழ்க்கை பூராவும் அப்படித்தான் என்றேன். அவளே ஆர்டர் போடுகிறாளாம். இது அவளுடைய அன்பளிப்பாம். வேண்டாம் என்றால் அழுதுவிடுவாள். அழுவதற்கு அவளுக்குக் காரணமே தேவையில்லை இப்போதெல்லாம்.

11/1, ஞாயிறு

தைப்பூச விரதம் இன்று ஆரம்பம். தம்பிக்கு நல்லபடியாக ஆபரேஷன் நடக்க வேண்டும், பால்குடம் எடுக்கிறேன் என்று போன வருடமே வேண்டிக்கொண்டது. கோயிலில் அர்ச்சனை. மஞ்சள் சேலை. சைவம். தரையில் பாய். தோல் செருப்பு, தோல் கைப்பை எல்லாம் ஒரு பையில் கட்டிப் பரணில். ரப்பர் சிலிப்பரோடு ஆபீஸ். மாதாந்தரத் தொல்லை நின்றுபோனது இதற்காவது உதவுகிறது.

முட்டியை வைத்துக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் எப்படி ஏறப்போகிறாய் என்று இவர் கேட்டார். எப்படியோ ஏறுவேன்.

எடை: அரைக் கிலோ இறங்கியிருக்கிறது. பாதி நாள் நின்றுகொண்டே ஓட்டியும்.

13/1, செவ்வாய்

கலா அனுப்பிய சீட்டு வந்தது. பழுப்பு நிறம். ஒல்லியும் இல்லை, சோபாவும் இல்லை. கல் மாதிரி இருக்கிறது. நடுவில் நீளமாக ஒரு வெட்டு. கூடவே ஒரு சின்னப் புட்டி எண்ணெய். செயினுக்குப் போலிருக்கிறது. ஒரு துண்டுக் காகிதம், பொடி எழுத்து. பிறகு படிக்கலாம்.

இவர் குளித்துவிட்டு வந்து, கேட்காமலேயே ஸ்பேனர் எடுத்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்து, சீட்டின் மூக்கை ஒரு மயிரிழை கீழே இறக்கினார். என்னை ஏறி உட்காரச் சொன்னார். பெடல் கீழே இருக்கும்போது முட்டி கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டுமாம். இறக்கினார். ஏற்றினார். மறுபடி இறக்கினார். என் குதிகாலைக் கையில் பிடித்து பெடலில் வைத்தார். வேண்டாம் என்று நினைக்கிறவர் இவ்வளவு பொறுமையாக ஏன் செய்ய வேண்டும்? தெரியவில்லை. கேட்கவும் இல்லை. களைப்பு.

14/1, புதன்

பாடாங் கோத்தா வரை போனேன். திரும்பினேன். உட்கார்ந்தே.

எலும்பு இரண்டும் அதனதன் இடத்தில் போய் அமர்ந்துகொண்டன. மரத்துப் போகவில்லை. உரசவில்லை. கல் மாதிரி இருந்ததுதான், ஆனால் வலி இல்லை. வழியெல்லாம் கலாவை வாழ்த்திக்கொண்டே வந்தேன். கடற்கரையில் பேத்தியோடு நின்ற ஒரு சீன அம்மா கையாட்டினாள். நானும் ஆட்டினேன். ஒரு கையை விட்டு ஓட்டினேன்!

15/1, வியாழன்

பொங்கல். விடியலில் குளித்து, சீட்டில் உட்கார்ந்து, கோயிலுக்குச் சைக்கிளிலேயே போனேன். வாசலில், கொடிமரம் தெரிகிற இடத்தில் நிறுத்தினேன். ஒருத்தி "அக்கா ஸ்போர்ட்டிங் லா" என்றாள். பெருமை. வந்து பொங்கல் வைத்தேன். ஒரு கரண்டி மட்டும் சாப்பிட்டேன், சத்தியமாக. மகன் வீடியோவில் வந்தான். "அம்மா முகம் சின்னதாயிருக்கு." எடை இறங்குகிறது. 29-க்குள் ஆகிவிடும். ஆகிவிடும் என்று முதல் தடவையாக நம்புகிறேன்.

16/1, வெள்ளி

நம்பியிருக்கக் கூடாது.

மாலை இவர் அந்தப் புட்டியை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு காகிதத்தைப் படித்தார். "சாந்தி, இது செயினுக்கு இல்ல."

"பின்ன?"

"சீட்டுக்கு. அப்பப்ப தேய்க்கணுமாம். இல்லாட்டி வெடிச்சிருமாம்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "தோலு. மாட்டுத் தோலு."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். செருப்பைப் பரணில் ஏற்றியவள். கைப்பையைக் கட்டி வைத்தவள். மஞ்சள் சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மாட்டுத் தோலின் மேல் உட்கார்ந்து, பொங்கலன்று முருகன் கோயில் வாசலில் போய் இறங்கியிருக்கிறேன். ஊரில் இத்தனை பேர் விரதம் இருக்கிறார்கள். இப்படி ஒருத்தி இருந்திருப்பாளா?

கலாவுக்குப் போன். ஒரே அழுகை. "நா ஸ்டாருதான் பாத்தேன் அக்கா. அஞ்சு ஸ்டாரு. தோலான்னு பாக்கல." அவளைத் தேற்றியதில் நான் அழ மறந்துபோனேன்.

17/1, சனி

குருக்களைப் போய்ப் பார்த்தேன், பஸ்ஸில். எல்லாம் சொன்னேன். தெரியாமல் செய்ததுதானே, குற்றமில்லை, ஒரு அர்ச்சனை போதும் என்றார். மனசு சுத்தம்தான் முக்கியம் என்றார்.

"அப்ப இனிமே அதுலயே ஓட்டலாமா சாமி?"

குருக்கள் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அத நான் எப்படிம்மா சொல்றது. உங்க வேண்டுதல், உங்களுக்குத்தான் தெரியும்." பிறகு மெதுவாக, "கோயில் வாசல்ல மட்டும் நிறுத்தாதீங்க."

வீட்டுக்கு வந்து சீட்டைச் சுற்றி மஞ்சள் துணி கட்டிப் பார்த்தேன். மிதித்தால் வழுக்குகிறது. பிளாஸ்டிக் பை கட்டிப் பார்த்தேன். அதுவும் வழுக்கு, கூடவே கீச்சுச் சத்தம். துணிக்கு அடியில் இருப்பது தோல்தானே? முருகனை ஏமாற்றுகிறேனா, என்னையே ஏமாற்றிக்கொள்கிறேனா? அவிழ்த்துப் போட்டேன். விரதமும் தம்பிக்காக. சீட்டும் தம்பிக்காக. இரண்டும் இப்படி முட்டிக்கொண்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இவர் சீட்டைக் கழற்றி, மகனுடைய கத்தியை மறுபடி மாட்டினார்.

19/1, திங்கள்

சைக்கிள் கடைக்கு மறுபடி. இதே வடிவத்தில் தோல் இல்லாதது வேண்டும் என்றேன். கிழவர் தேடினார். இல்லை. சீனப் புத்தாண்டுப் பெருநாள் முடிந்துதான் சரக்கு வரும். அது பிப்ரவரி பாதிக்கு மேல். இருந்ததில் ஓட்டை வைத்த ஒன்றை உட்கார்ந்து பார்க்கக் கொடுத்தார். முன்பக்கம் பரவாயில்லை, எலும்பு வலி அப்படியே. என் பள்ளங்கள் ஓரிடம், அதன் மேடு வேறிடம். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தோல் என்றால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்டார். தைப்பூசம் என்றேன். "ஓ, தைப்பூசம்" என்று உடனே தலையாட்டினார். தேர் போகும்போது அவரும் வருடா வருடம் தேங்காய் உடைப்பாராம், வியாபாரத்துக்கு. அவருக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

20/1, செவ்வாய்

பாதி வழியில் திரும்பினேன். தோல் உரிந்துவிட்டது. (என் தோல்.) களிம்பு. எடை நின்ற இடத்திலேயே நிற்கிறது. ராத்திரிச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தேன், ஆபீசில் தலை சுற்றியது. டாக்டரம்மா பட்டினி கிடக்கக் கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் காட்டிக் கொடுத்துவிடுமாம்.

செய்யாதவை: துணி துவைக்கவில்லை. மகனுக்குப் போன் போடவில்லை. கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறேன். லிப்டில் ஒரு ஆன்ட்டி "மெலிஞ்சிட்டீங்களே, சுகரா?" என்றாள். ஆமாம் என்றேன். பைல்ஸ், சுகர். இந்த மாதம் எனக்கு வராத வியாதி இல்லை.

21/1, புதன்

இன்று இவரிடம் கத்திவிட்டேன். சாப்பாட்டு மேசையில், ஒன்றுமில்லாததற்கு, உப்பு டப்பா எங்கே என்பதற்கு. "நான் இதச் செய்றது பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லுங்க. என் எடை இறங்கலன்னா உங்களுக்குச் சந்தோஷந்தான?"

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "பாதி சந்தோஷம்" என்றார்.

நான் எதிர்பார்க்கவில்லை.

"குணா என் கண்ணு முன்னால வளந்தவன். அவன் பொழைக்கணும். ஆனா உன்னை மேசையில படுக்கப் போட்டுக் கதவ மூடுவாங்க. நான் வெளிய நிக்கணும். எனக்கு அது முடியும்னு தோணல சாந்தி. ஸ்பேனர எடுத்து சீட்டச் சரி பண்றது முடியுது. அதனால பண்றேன்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. உப்பு டப்பா என் முன்னாலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

22/1, வியாழன்

அரைநாள் லீவு. தம்பியோடு டயா மையத்தில். ரத்தம் குழாயில் வெளியே போய்ச் சுத்தமாகி உள்ளே வருகிறது. பக்கத்து நாற்காலியில் ஒரு மலாய்க்காரர் குறட்டை. மிஸ்ஸி (நர்ஸ்) வந்து பிரஷர் பார்த்தாள்.

கலா சொல்லியிருக்கிறாள். அவனுக்கு எல்லாம் தெரியும்.

"மாட்டுத் தோலு மேல குந்திக்கிட்டு கோயிலுக்குப் போனியாமே."

"சிரிக்காதடா."

"சிரிக்கல லா." சிரித்தான். பிறகு நிறுத்தினான். "இப்ப பழைய சீட்டுலயா ஓட்டுற?"

ஆமாம் என்றேன். புண் பற்றிச் சொல்லவில்லை. நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, வேண்டுதல எனக்குக் குடுத்துரு."

"என்னது?"

"பால்குடம் நா எடுக்குறேன். எனக்காகத்தான வேண்டுன? எனக்கு வேண்டுனத நா எடுக்கக் கூடாதா? நீ தோலுல ஓட்டு. நா விரதம் இருக்கேன்."

முடியாது என்றேன். அவனுக்குச் சைவச் சாப்பாட்டில் பருப்பு அளவு, கீரை அளவு, வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடவே கூடாது. வெயிலில் நடக்க வேண்டும், தாகம் எடுக்கும், தண்ணீர் குடிக்க முடியாது. படி வேறு. டாக்டர் விடமாட்டார் என்றேன்.

"நேத்தே கேட்டுட்டேன். வெறும் சோறு, முட்டைக்கோசு, அளவா தின்னுனு சொல்லிட்டாரு. மெல்லமா ஏறு, முடியலன்னா எறங்குனு சொன்னாரு." கையில் ஊசி இருந்ததால் அசையாமல் பேசினான். "வருஷக்கணக்கா எல்லாரும் எனக்குச் செய்றீங்க. கலா தண்ணிக்குக் கோடு போடுறா. மாமா மோட்டார்ல கொண்டாந்து விடுறாரு. நீ சைக்கிள் ஓட்டுற. நா மட்டும் இந்த நாக்காலியில படுத்துக் கெடக்கேன். ஒண்ணு நா செய்றேன்கா. ஒண்ணே ஒண்ணு."

மிஸ்ஸி வந்து அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னாள், பிரஷர் ஏறுகிறது என்று.

24/1, சனி

கோயிலுக்கு நால்வரும் போனோம். குருக்கள் குணாவின் பெயர், நட்சத்திரம் சொல்லிச் சங்கல்பம் செய்தார். வேண்டுதல் மனதில் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். அவன் கண்ணை மூடி வெகுநேரம் நின்றான். எனக்கு மாற்று அர்ச்சனை. குடும்பத்தில் ஒருவருடையதை இன்னொருவர் எடுப்பது வழக்கம்தான், தப்பில்லை என்றார். என்னைப் பார்த்து, "இனி எங்க வேணாலும் உட்காருங்கம்மா" என்றார். கலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாலை பழுப்புச் சீட்டு மறுபடி ஏறியது. இவரே அந்த எண்ணெயைத் தேய்த்தார்.

25/1, ஞாயிறு

ஓட்டினேன். கடற்கரை வரை, அப்படியே கர்னி சாலைப் பக்கம், சுற்றி வீடு. வலி இல்லை.

26/1, திங்கள்

காலை ஓட்டம். மாலை ஓட்டம். நடுவில் ஆபீஸ். பைல்ஸ் எப்படி இருக்கிறது என்று மேனேஜர் கேட்டார். குணமாகிவிட்டது என்றேன்.

27/1, செவ்வாய்

ஓட்டம். கால் கெஞ்சுகிறது. ஓட்டம். சைவம் விடவில்லை, வேண்டுதல் கைமாறினாலும். தம்பி முட்டைக்கோசு தின்னும்போது நான் மீன் தின்பதா?

29/1, வியாழன்

ஆஸ்பத்திரி. இவர் லீவு போட்டு வந்தார். மிஸ்ஸி தராசில் ஏறச் சொன்னாள். சிலிப்பரைக் கழற்றினேன். வளையலைக் கழற்றினேன். சேலையில் குத்தியிருந்த பின்னைக்கூடக் கழற்றினேன். மிஸ்ஸி சிரித்தாள், "அது ஒண்ணும் பண்ணாது அக்கா."

சரியாக வந்தது. மயிரிழை கீழேயே.

டாக்டரம்மா கைகொடுத்தார். எப்படிக் குறைத்தீர்கள் என்றார். சைக்கிள் என்றேன். சீட்டைப் பற்றிச் சொல்லவில்லை, சொன்னால் விடிந்துவிடும். சீனப் பெருநாளுக்குப் பிறகு டாக்டர்கள் குழு உட்கார்ந்து பேசி, மார்ச்சில் தேதி கொடுப்பார்களாம். இவரைத் தனியாகக் கூப்பிட்டு, நடக்கக்கூடிய நல்லது கெட்டது எல்லாம் சொன்னார்கள். வெளியே வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரின்னு சொல்லிட்டேன்" என்றார். அவ்வளவுதான். காப்பி வாங்கித் தந்தார்.

குணாவுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் கலாவின் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. இந்த முறை காரணத்தோடு.

30/1, வெள்ளி

எடையைப் பிடித்து வைக்க வேண்டும், அதனால் ஓட்டம். காற்று நன்றாக இருந்தது. கடல் அமைதி. எங்கேயும் வலிக்கவில்லை. கால், முதுகு, கை எல்லாம் அதனதன் வேலையைப் பார்த்தன.

பாடாங் கோத்தாவில் சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதேன். பயத்தில். முழுப் பயம். என்னை வெட்டுவார்கள். உள்ளே இருக்கும் ஒன்றை எடுப்பார்கள். விழிக்காமலே போனால்? மகனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இவருக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது. இந்த மாதம் பூராவும் சீட்டு, புண், கிலோ என்று அதிலேயே கிடந்ததில் இதை நினைக்கவே நேரமில்லை. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. நினைக்க நேரம் வந்துவிட்டது.

கொடுக்க மாட்டேன் என்று இல்லை. கொடுப்பேன். பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். இவரிடம் சொன்னால் இவர் உடைந்துபோவார். கலாவிடம் சொல்ல முடியாது. குணாவிடம் சொல்லவே கூடாது. சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுவான்.

1/2, ஞாயிறு, தைப்பூசம்

விடியும் முன்பே கூட்டம். பந்தலுக்குப் பந்தல் பாட்டு, நீர்மோர், சாப்பாடு. வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று கிளம்பியும் ஏறிவிட்டது. குணா மஞ்சள் வேட்டி, தலையில் பால்குடம். கலா ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். நான் பின்னால். எனக்குத் துணை என் முட்டி வலி.

மெதுவாக நடந்தான். யாரோ தண்ணீர் நீட்டினார்கள், தலையாட்டி மறுத்தான். கலா ஈரத் துணியால் உதட்டை மட்டும் துடைத்தாள். "வேல் வேல்" என்று பக்கத்தில் ஒரு காவடி தாண்டிப் போனது.

படியில் பாதிகூட வரவில்லை, ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். குடத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மூச்சு இரைத்தது. குடம் சாய்ந்து பால் கொஞ்சம் வேட்டியில் சிந்தியது. இவரும் கலாவும் மிஸ்ஸிக்குப் போன் போடலாமா என்று பேசிக்கொண்டார்கள். நான் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"குடுடா. மிச்சத்த நா தூக்குறேன். நானும் சைவந்தான் இவ்வளவு நாளும்."

"நீ தொடாத. மாட்டுத் தோலு." மூச்சுக்கு நடுவே சிரித்தான்.

"வெளையாடாத. உனக்காக வேண்டுனது, யாரு தூக்குனா என்ன?"

"எனக்கு இல்லக்கா." குடத்தின் வாயைக் கையால் மூடினான். "அன்னிக்கி கோயில்ல வேண்டுதல மாத்திட்டேன். உனக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு. மேசையிலேருந்து நீ எழும்பி வரணும்னு. எனக்கு அது மட்டும் போதும்னு. உனக்கு வேண்டுனத நீயே தூக்குவியா?"

ஜனம் எங்களைத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தது. பால் வாசனை. அவன் கையில் டயா ஊசித் தழும்புகள், வரிசையாக.

"எனக்குப் பயமா இருக்குடா" என்றேன்.

"தெரியும்" என்றான். குடத்தைத் தலைக்குத் தூக்கினான். "எழும்புக்கா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."